கோபுரத்துக்கு நேரே நின்ற பனை

அன்புள்ள அப்பாவுக்கு, தோகாவிலிருந்து ஜெனிட்டா தோத்திரம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

ஆபீசில் கம்ப்யூட்டரில் பூமி உருண்டையைச் சுழற்றி இடம் குறிக்கப் பழக்குகிறார்கள். அவரவர் வீட்டைக் குறிக்கச் சொன்னார்கள். கடலில் கரை பிடிக்க நீங்கள் செய்வதுபோல, பெரியதாழைக் கோயில் கோபுரத்தையும் கரையோரப் பனையையும் ஒரே கோட்டில் வைத்தேன். நடுவில் நம் வீடு கிடைத்துவிட்டது. அது பழைய படம். பிறகு போன வருடத்துப் படத்துக்கு மாற்றினேன். பனையைக் காணோம், அங்கே தண்ணீர். பக்கத்தில் இருந்த காயல்பட்டினத்து ஜமீலா, "ஏளா, ஒங்க வீட்டு வாசல்லயே கடல் கெடக்கு" என்று சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

போனில் நீங்கள் சொல்லவே இல்லை. மவுஸைப் பிடித்துக்கொண்டு நான் என்ன செய்ய? அம்மாவின் கட்டிலையாவது பின்னறைக்கு மாற்றுங்கள்.

இங்கே கூப்பிடுகிறார்கள். ஒன்று மட்டும் சொல்லுங்கள் அப்பா. பனை போன பிறகு எதைப் பார்த்துக் கரை பிடிக்கிறீர்கள்? நம் வீட்டையா?

மகள்,
ஜெனிட்டா