அந்த வெளிச்சம்

என் கோபக்காரிக்கு,

போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பிறந்த பேத்தியும் மகளும் நலமென்று கேட்டு ஊரே சந்தோஷப்பட்டது. ஆடுகள் நலம். கூரை ஒழுகவில்லை.

கள்ளிப்பூ படத்தை மான்டெரே நகரத்து வீட்டில் மருமகன் சுவரில் மாட்டிவிட்டாராமே. மகரந்தத் தூள்கூடத் தெரிகிறது, அந்த வெளிச்சம் எப்படி வந்தது என்று கேட்டிருந்தாய்.

சாலை போட வந்தவர்கள் நசுக்குவதற்குள் அந்தக் கள்ளியைச் சால்வையில் சுமந்துவந்து கருவேல நிழலில் நட்டவள் நீ. முதல் பூவைப் படமெடுத்து அனுப்பச் சொன்னவளும் நீதான். கேமராவோடு ஒரு சாண் தூரத்தில் குப்புறப் படுத்தால், இதழ் மேல் நிழல். கருவேலத்தில் ஒரு சின்னக் கிளையைத்தான் ஒடித்தேன். படம் நன்றாக வரவும், இன்னும் இரண்டை ஒடித்தேன்.

மே மாத வெயில் உனக்குத் தெரியும். கள்ளியின் மேற்குப் பக்கம் லேசாக மஞ்சளாகியிருக்கிறது. லேசாக இல்லை, வெந்து வெளுத்துவிட்டது.

குச்சி நட்டு என் தொப்பியை அதன்மேல் கவிழ்த்திருக்கிறேன். ஆடு மேய்க்கிற செனோபியோ பார்த்துவிட்டான்.

"என்னண்ணே, கள்ளிக்குத் தொப்பி, உனக்கு மொட்டை வெயிலா? அண்ணி வரட்டும், உன்னையும் இங்கயே நட்டுருவாங்க!"

நானும் சிரித்துவைத்தேன்.

படத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொல். வரும்போது எனக்கொரு தொப்பி வாங்கி வா. பழையதைத் தூக்கி உள்ளே பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்படிக்கு,
வெயிலில் நிற்கும் உன் வீட்டுக்காரன்