இரண்டு பிரிவும் ஒரே சந்தில்

786

5.2.2018

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் அனீஸாவும் உம்மாவும் சுகமாக இருக்கிறோம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் சளி இல்லாமல் இருக்க அல்லாஹ் துணை செய்யட்டும்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்ததும் அனீஸா பிடுங்கிக்கொள்கிறாள். அவள் விட்டால் உம்மா. இரண்டு பேரும் விட்டால் லைன் போய்விடுகிறது. இந்த விஷயத்தைப் பாதியில் அறுந்துபோகாமல் சொல்ல வேண்டும். கபீர் காக்கா வியாழக்கிழமை ஷார்ஜா திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். கூட வரும் இறால் ஊறுகாய் உம்மா போட்டது. ரூமில் எல்லோருக்கும் கொடுங்கள், கட்டிலுக்கடியில் ஒளித்து வைக்க வேண்டாம்.

இந்த வருஷம் கடைமடைக்குத் தண்ணீர் தாமதமாக வந்ததால் சம்பா அறுப்பு இப்போதுதான் நடக்கிறது. பட்டுக்கோட்டை ரோட்டில் பாதியை அடைத்து நெல் காயப்போட்டிருக்கிறார்கள். கல்லூரி பஸ் ஊர்ந்து ஊர்ந்து போகிறது, முதல் வகுப்புக்கு நானே தாமதமாகப் போய்ப் பிள்ளைகள் முன்னால் அசடு வழிகிறேன். அனீஸாவுக்கு முன்பல் இரண்டு விழுந்துவிட்டது. அதனால்தான் வீடியோவில் வாயைப் பொத்திக்கொண்டு பேசுகிறாள், உங்கள் மேல் கோபமில்லை.

குடும்ப விசாவுக்குக் கம்பெனியில் கையெழுத்தாகிவிட்டது என்று நீங்கள் சொன்ன அன்று இந்த வீட்டில் பெருநாள்தான். மே மாதம் கல்லூரி முடிந்ததும் நாங்கள் கிளம்புவதாகப் பேச்சு. அனீஸா பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். பதறாமல் மேலே படியுங்கள்.

என் ஆராய்ச்சி என்னவென்று உங்களுக்கு இன்னும் தெரியாது. ரூமில் யாராவது கேட்டால், கம்ப்யூட்டரில் ஏதோ செய்கிறாள் என்று சொல்லிவிடுவீர்களாம், கபீர் காக்கா சொல்லிச் சிரித்தார். விஷயம் இதுதான். கணக்குப் பட்டப்படிப்பில் மூன்றாம் வருஷம் வரும் பாடங்களில் பிள்ளைகள் திணறுகிறார்கள். பாடத்தை வீடியோவாக எடுத்துக் கொடுத்து வீட்டில் பார்க்க வைத்துவிட்டு, வகுப்பு நேரத்தை முழுக்கக் கணக்குப் போடுவதற்கே வைத்துக்கொண்டால் நன்றாகக் கற்பார்களா? இதைத்தான் நான் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகளை இரண்டாகப் பிரித்தேன். 'அ' பிரிவுக்கு வீடியோவும் வகுப்பும். 'ஆ' பிரிவுக்கு வழக்கம்போல் சாக்பீஸும் போர்டும். நீங்கள் அனுப்பிய ஸ்டாண்டில் போனை மாட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க நான் பேசிக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

கடைசியில் இரண்டு பிரிவுக்கும் ஒரே பரீட்சை வைத்தேன். மதிப்பெண்ணில் வித்தியாசமே இல்லை. என் கைடு குஞ்சிதபாதம் சார் தஞ்சாவூரில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வித்தியாசம் இல்லை என்பதும் ஒரு முடிவுதான், அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாகக் கிளம்புங்கள் என்றார். நான் விசாவுக்காகக் காத்திருப்பது அவருக்குத் தெரியும். நானும் அப்பாடா என்று வீட்டுக்கு வந்தேன்.

ஆனால் போன மாதம், புதுப் பருவத்துப் பாடத்தையும் அதே பிரிவுகளுக்கு அதேபோல் நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு வேடிக்கை நடந்தது. 'ஆ' பிரிவு வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். ஒரு தொடர்வரிசையில் எண்கள் சுழியை நெருங்கிக்கொண்டே போகும், ஆனால் சுழியைத் தொடாது, அது எப்படி என்று. ஹமீதா பானு என்கிற பிள்ளை எழுந்து, "அனீஸாவோட அல்வா மாதிரிங்க மிஸ். மீதியில பாதி மீதியில பாதின்னு தின்னா, முடியவே முடியாது" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அல்வா உதாரணத்தை நான் வீடியோவில்தான் சொன்னேன். 'ஆ' பிரிவுக்கு வீடியோவே கிடையாது.

அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன், நம் தெருவுக்குப் பின்னால் இருக்கிற சந்துதான். வாசலிலேயே என் குரல் கேட்டது. உள்ளே 'அ' பிரிவு நஃபீசா, 'ஆ' பிரிவு ஹமீதா, இன்னும் இரண்டு பிரிவிலும் இருக்கிற அந்தச் சந்துப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு பாயில். நஃபீசாவின் வாப்பா குவைத்திலிருந்து அனுப்பிய போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்திருந்தார்கள். அதில் நான் பேசிக்கொண்டிருந்தேன். ஹமீதா சட்டென்று, "நிறுத்துடி. மிஸ் இங்க ஒரு படியைத் தாண்டிட்டாங்க" என்றாள். நஃபீசா இல்லை என்றாள். இருவருக்கும் சண்டை மூண்டது. இன்னொருத்தி நோட்டை இழுத்து, தாண்டிய படியைப் போட்டுக் காட்டினாள். உண்மையிலேயே நான் தாண்டித்தான் விட்டிருந்தேன். என்னைப் பார்த்ததும் எல்லாரும் முக்காட்டை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றார்கள், திட்டப்போகிறேன் என்று நினைத்து. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

மச்சான், நம் ஊர் பெண்ணுக்கு வீடு கொடுக்கிற ஊர். நானே உம்மா கொடுத்த வீட்டில்தான் குடியிருக்கிறேன். அக்காள் தங்கச்சி எல்லாரும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருப்பார்கள், அவர்கள் பெற்ற பிள்ளைகள் ஒரே சட்டியில் சாப்பிட்டு வளரும் என்பது எனக்குத் தெரியாதா? வெளியூர்க்காரி செய்கிற மாதிரி ரோல் நம்பரைப் பார்த்துப் பிரித்துவிட்டேன். கல்லூரியில் நான் போட்ட கோடு சந்துக்குள் வந்ததும் அழிந்துபோயிற்று. வித்தியாசம் எப்படி இருக்கும்?

அதோடு நிற்கவில்லை. 'அ' பிரிவில் குந்தவை என்று ஒரு பிள்ளை. கடைமடைக் கிராமம், அப்பா வீரையன் குத்தகைக்குச் சாகுபடி செய்கிறவர். வகுப்பில் முதலில் கை தூக்குகிறவள் அந்தப் பரீட்சையில் பெயில். அந்த ஊரிலிருந்து நம் கல்லூரிக்கு வருகிற ஒரே பிள்ளை அவள்தான். அண்ணன் பிரபு வேலை முடிந்து வந்து போனைக் கொடுத்தால் வரப்போரமாக உட்கார்ந்து தனியாகப் பார்ப்பாள். கூப்பிட்டுக் கேட்டேன். "பாக்கறப்ப எல்லாம் புரியுதுங்க மிஸ். எழுத உக்காந்தா ஒண்ணும் வரலை. யாரை கேக்குறதுன்னும் தெரியலை" என்று அழுதுவிட்டாள். தனியாகப் பார்த்த மற்றப் பிள்ளைகளையும் விசாரித்தேன், ஏறக்குறைய எல்லாருக்கும் இதே கதைதான். வீடியோ நல்லதா கெட்டதா என்று நான் கேட்டதே தப்பு. யாரோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.

இந்தப் பருவத்தில் குந்தவையை அதே பஸ்ஸில் வரும் இரண்டு பிள்ளைகளோடு சேர்த்துவிட்டேன். ஒரு போன், மூன்று தலை. டிரைவர் பாட்டுப் போடக் கூடாது என்று சண்டை பிடிக்கிறார்களாம். போன வாரம் போர்டுக்கு வந்து, யாரும் எடுத்துக் கொடுக்காமல் ஒரு தேற்றத்தை முழுசாக நிறுவினாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

எல்லாவற்றையும் குஞ்சிதபாதம் சாரிடம் கொட்டினேன். பழைய மதிப்பெண் பட்டியலை எடுத்து மறுபடி ஒருமுறை பார்த்தார். பிறகு, இதுதான் நிஜமான ஆராய்ச்சி, ஆனால் பழையது செல்லாது, ஒரே பஸ்காரர்களும் ஒரே சந்துக்காரர்களும் ஒரே பிரிவில் வருகிற மாதிரிப் பிரித்து முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார். "இன்னும் ஒரு வருஷம் ஆகும். வீட்ல கலந்து பேசிட்டு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

அதைத்தான் கேட்கிறேன். பழையதை அப்படியே எழுதிக் கொடுத்துவிட்டு மே மாதம் வந்துவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அதைப் படிக்கிற ஒருவர், வீடியோவும் வாத்தியாரும் ஒன்றுதான், வீடியோவையே கொடுத்து அனுப்பிவிடலாம் என்று முடிவு கட்டினால், குந்தவை மாதிரிப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? டாக்டர் ஃபஹ்மிதா என்று பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டு ஷார்ஜாவில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும்.

உங்களோடு இருக்க எனக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். நம் குடித்தனமே என் ஆராய்ச்சி மாதிரிதான் நடக்கிறது, வருஷத்தில் ஒரு மாதம் நேரில், மிச்சமெல்லாம் போனில். இது போதாது என்று எனக்குத் தெரியும். நீங்கள் லைட்டை அணைத்த ரூமில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாக எங்களைப் பார்க்கிறீர்கள். குந்தவை அழுதபோது எனக்கு உங்கள் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. அதைப் போனில் எப்படிச் சொல்வேன்?

என் யோசனை இது. எடுக்காமல் விட்ட லீவை எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். இந்த நோன்புக்கு இங்கே வாருங்கள், பெருநாள் முடிந்து போகலாம். அடுத்த வருஷம் கல்லூரி முடிந்ததும் நாங்கள் வந்துவிடுகிறோம், இது சத்தியம். உம்மாவிடம் சொல்லிவிட்டேன், உன் மாப்பிள்ளை சரி என்றால் எனக்கும் சரி என்கிறார்கள். அனீஸாவிடம் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் சம்மதித்தால் நீங்களே அவளிடம் சொல்லுங்கள், என்னிடம் என்றால் அழுவாள்.

இல்லை, மே மாதமே வா என்றாலும் வருகிறேன். முணுமுணுக்காமல் வருகிறேன். கோபம் வந்தால் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். 'உன் இஷ்டம்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றாதீர்கள் மச்சான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் இங்கே தனியாக என்ன செய்வேன்?

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த சுகத்தையும் தரட்டும். நம்மை ஒரே கூரையின் கீழ் சேர்த்து வைக்கட்டும்.

உங்கள் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்,
ஃபஹ்மிதா