கொழுப்பு அனுப்பிய சேதி

அண்ணே, இன்றைக்கு மாட்டுங்காவில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் உன்னைப் பார்த்தேன். பயப்படாதே, ஆவியில்லை. நுண்ணோக்கிக்கு அடியில் ஒரு கண்ணாடித் தகடு, அதில் கொழுப்புத் திசு. வட்ட வட்டமாகச் செல்கள். ஒவ்வொன்றிலும் இடத்தையெல்லாம் எண்ணெய் அடைத்துக்கொள்ள, உட்கரு மட்டும் டோம்பிவிலி லோக்கல் ரயிலில் கதவோரம் தொங்கும் ஆளைப்போல விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. “பாவம், இதுக்கு சீட் கிடைக்கல” என்றேன் பக்கத்துப் பையனிடம். உயிரியல் மேடம் காதில் விழுந்துவிட்டது.

“இதைச் சும்மா கோடவுன்னு நினைச்சியா? இது ஆபீஸ்” என்றார் இந்தியில். “இங்கேயிருந்து ஹார்மோன் கிளம்பிக் கல்லீரலுக்குப் போகும், மூளைக்குப் போகும். குடலும் தன் பங்குக்குச் சேதி அனுப்பும்.”

என் சிரிப்பு நின்றது. உன் வயிற்றைத் தட்டி, “அண்ணனுக்கு இங்க கொழுப்பு, எனக்கு வாயில கொழுப்பு” என்று தாராவி முழுக்கச் சொல்லித் திரிந்தவன் நான். அந்த வயிற்றுக்குள் இத்தனை பேச்சு நடந்ததா?

நீ கந்த சஷ்டிக்காக நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்த வருஷம் நினைவிருக்கிறதா? பாலும் பழமும்தான். அப்படியும் உன் சட்டைப் பொத்தான்கள் பிதுங்கியபடியே இருந்தன. தண்ணீர்க் குழாயடியில் பேச்சு கிளம்பியது: “முருகனையே ஏமாத்துதான் இந்தப் பய.” அம்மாவுக்குத் தாங்கவில்லை. “ஏல, அவன் பின்னாலயே போ. எங்க திங்கான்னு பாத்துட்டு வா” என்று என்னை அனுப்பினாள். உன்னைக் கையும் வடாபாவுமாகப் பிடிக்கப் போகிற பெருமையோடு கிளம்பினேன்.

நீ பட்டறையில் தைத்த பைகளைத் தூக்கிக்கொண்டு மாட்டுங்கா வரை நடந்து, கடை கடையாகக் கொடுத்தாய். வாயில் ஒன்றும் போடவில்லை. கடைசியில் ஸ்டேஷன் பக்கம், பன்னுக்குள் வடை வைத்து விற்கும் வடாபாவ் வண்டி முன்னால் நின்றாய். மாட்டினான் என்று நான் எட்டிப் பார்த்தேன். நீ திரும்பாமலேயே கையை மட்டும் பின்னால் நீட்டினாய்.

“ஒளிஞ்சது போதும், வெளிய வால. எம்புட்டு நேரமா என் பின்னாலயே வாரே, பசிக்கும்லா. நீ தின்னு. நான் விரதம்.”

வீட்டுக்கு வந்து, “அவன் ஒண்ணும் திங்கலம்மா” என்றேன். அம்மா என் சட்டையில் சிந்தியிருந்த சட்னியைப் பார்த்தாள். “உனக்கு வாங்கிக் குடுத்து வாய அடைச்சிருக்கான்.”

“நான் திங்கலம்மா” என்றாய் நீ. ஒரே ஒரு தடவை. ஊருக்கெல்லாம் புளுகி விளையாடும் என்னைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நீ வேறென்ன செய்வாய்?

பிறகு டாக்டர் பசியை அடக்க மாத்திரை கொடுத்தார். “பசி போச்சுல, கூடவே எல்லாம் போச்சு. கிரிக்கெட் பாக்கக்கூடப் பிடிக்கல” என்று நீயே நிறுத்திவிட்டாய். போன மழைக்காலத்தில், உறக்கத்திலேயே உன் இதயம் நின்றது. “வாயக் கட்டியிருந்தா எம்புள்ள இருந்திருப்பான்.” அம்மா அதைச் சொல்லாத நாளில்லை.

ஆகவே இன்றைக்கு மேடத்திடம் கேட்டேன், சாப்பிடாமல் இருந்தும் ஒருவர் இளைக்காமல் இருப்பாரா என்று. சிலருக்கு உணவு குறைந்தால் உடம்பு தன் செலவையும் குறைத்துக்கொள்ளும், அது மனசின் குறையில்லை என்றார். உன் மாத்திரை மூளைக்குள் போய்ப் பசியோடு மற்ற ஆசைகளையும் அணைத்திருக்குமாம். இப்போது மூளைக்குள் நுழையாமல், கொழுப்பிலும் கல்லீரலிலும் குடலிலும் ஹார்மோன் வந்து தட்டுகிற கதவுகளிலேயே வேலை செய்யும் மருந்தைத் தேடுகிறார்களாம். அப்படியொன்று வந்தால் கிரிக்கெட் ஆசை தப்பிக்கலாம், அண்ணே.

மறுபடி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். நீ பை தைத்த நேரமெல்லாம், என் குறும்புக்குச் சிரித்த நேரமெல்லாம், உனக்கே தெரியாமல் உனக்குள் ஒரு நகரம் ஓயாமல் சேதி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. மணி அடித்தும் எழ மனம் வரவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், ஒரு கிண்டலும் சேர்க்காமல். அரிசி களைந்துகொண்டிருந்த கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

“அப்போ அவன் நெசமாவே திங்கலியால?”

“திங்கலம்மா.”

களைந்த அரிசியை உலையில் போட்டாள். பிறகு, “அந்த மருந்து இப்பக் கெடைக்குமா?” என்றாள்.

“இன்னும் தேடுதாங்கம்மா.”

“தேடட்டும். எவ பெத்த புள்ளைக்காவது ஆகும்.”

எனக்கும் உன் உடல்வாகுதான் வந்திருக்கிறது, அண்ணே. இந்த வருஷம் பெல்ட்டில் துளை தள்ளிப் போட்டாயிற்று. நீ சுமந்ததை இனி நான் சுமப்பேன். ஆனால் இன்றைக்குச் சோறு போடும்போது அம்மா என் வயிற்றைப் பார்க்கவில்லை. “இன்னும் கொஞ்சம் போடட்டுமால?” என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.