இரும்பு மூடிக்குக் கீழே

அவிநாசிபாளையம்
18.8.2024, ஞாயிறு

அன்புக் கண்ணு முனீசுக்கு,

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நேரில் கண்டுபிடித்து நீ சிரிக்கக் கூடாது. நான் கடலைப் பார்த்ததே இல்லை. வயசு ஐம்பத்து மூன்று. டையிங் கம்பெனியிலும் டீக்கடையிலும் மூன்று தடவை பார்த்திருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். கப்பல்படைக்காரனைப் பெற்றவன் கடலைப் பார்த்ததில்லை என்றால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அலை எப்படி இருக்குமென்று எங்கள் சுப்பண்ணன் கேட்டதற்கு, "அமராவதி டேம்ல ஷட்டரத் தொறந்து தொறந்து மூடுனாப்பல இருக்கும்டா" என்று அடித்து விட்டேன். அவனும் நம்பிவிட்டான். உன் கடிதத்தைப் பார்த்தால் இப்போது நிசமாகவே பார்க்க வேண்டி வரும் போலிருக்கிறது.

எங்கள் பிரதீப்பின் பெயரை நினைவுச் சுவரில் வெட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். கறுப்புக் கல், வெள்ளை எழுத்து, மேலிருந்து ஏழாவது வரி. உங்கம்மா ராமாத்தாளுக்குப் படித்துக் காட்டினேன். நான் படித்தது போதாதென்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளும் ஒரு தடவை படித்தாள். பனியன் கம்பெனியில் இருபது வருசமாகச் செக்கிங்கில் இருக்கிறவள் அல்லவா? "எங்கண்ணுல படாம எந்தப் பீஸும் வெளிய போனதில்லீங்க. எம்பையன் பேரு இருக்கற கல்லயும் நான் பாக்கோணும்" என்றாள்.

உனக்கு நான் போன் பண்ணாமல் கடிதம் எழுதுவதற்குக் காரணம் உனக்கே தெரியும். எடுக்கிறாய், "அப்பா" என்கிறாய், அப்புறம் சத்தமே இல்லை. அந்தப் பக்கம் நீ மூக்கை உறிஞ்சுவதைக் கேட்கவா நான் போன் வாங்கினேன்? கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. உன் எழுத்துத்தான் கோழி கிளறினது போல இருக்கிறது.

ஒரே கப்பலில் நாலு வருசம் நீயும் என் பையனும் ஒரே தட்டில் சாப்பிட்டீர்கள். ரெண்டு வருசத்துக்கு முன்னால் அவன் உடம்பை வைத்த பெட்டியோடு வந்தவனும் நீதான். "தீப்பிடிச்ச ஒடனே பொகையில மயங்கிட்டாம்ப்பா, அவனுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது" என்று அன்றைக்குச் சொன்னாயே, அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் உங்கம்மா சோறு தின்கிறாள். நானும் அப்படித்தான். நான் ஒரு கரண்டி கூடுதலாகத் தின்பேன், அவ்வளவுதான்.

படையை விட்டு வந்த உனக்கும் கப்பல்தான் கதி என்றாகிவிட்டது. ரிட்டயர் ஆன போர்க்கப்பலைக் கரையேற்றி வைத்து, அதைச் சுற்றிக் காட்ட உன்னைப் போட்டிருக்கிறார்கள். எங்களுக்கு நல்லதாய்ப் போயிற்று. டிசம்பர் நாலாம் தேதி சுவருக்கு மாலை போடுகிற நாள், குடும்பத்தாரைக் கூப்பிடுவார்கள் என்று எழுதியிருந்தாய். வருகிறோம். சுவரைப் பார்த்த பிறகு அந்தக் கிழட்டுக் கப்பலில் எஞ்சின் ரூமுக்கு என்னைக் கூட்டிப் போ. இருபத்தாறு வருசம் பாய்லர் முன்னால் நின்றவன் நான். என் பையன் நின்றது மாதிரி ஓர் இடம் எத்தனை அகலம், எத்தனை சூடு என்று பார்த்தால்தான் எனக்கு அடங்கும்.

ரயில் விவரம் எழுது. அங்கே அரிசிச் சோறு கிடைக்குமா என்று உங்கம்மா கேட்கிறாள். ஆந்திராவில் கிடைக்காமல் வேறெங்கே கிடைக்கும் என்று நான் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். நீ ஒரு வரி எழுதிவிடு.

உன் திருப்பூர் அப்பன்,
வெள்ளையன்


2.9.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

முனீஸ் எழுதுவது. சோறு கிடைக்கும். எங்கள் சாயல்குடிப் பக்கத்தைவிடக் காரம் அதிகம்.

ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்கு ஆட்டோவில் அரை மணி நேரம். கப்பலின் மேல்தளத்தையும் பீரங்கியையும் பார்க்கலாம். கீழே போக வேண்டாம், ஏணி செங்குத்தாக இருக்கும். அம்மாவுக்கு மூச்சு முட்டும், அதனாலும் கீழே வேண்டாம். மாலை போட்டு முடித்ததும் சாப்பிட்டுவிட்டு மத்தியான வண்டிக்கே கிளம்பிவிடலாம். கீழ்ப்பகுதியில் பார்க்க ஒன்றும் இல்லை.

அதற்கு முன்னால் வருவதாக இருந்தால் செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு எனக்கு விடுப்பு. மலையாளி மாதவன் மட்டும்தான் இருப்பார்.

அம்மா உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

முனீஸ்


அவிநாசிபாளையம்
22.9.2024

அன்புக் கண்ணு முனீசுக்கு,

ஏணி செங்குத்து என்று எழுதினாய். அதற்கும் பயிற்சி எடுத்தாயிற்று. போன ஞாயிறு எங்கள் கம்பெனித் தண்ணீர்த் தொட்டி ஏணியில் உங்கம்மாவை ஏற்றினேன். நான் கீழே நின்று, "விழுந்தா புடிக்க மாட்டேன், ஒதுங்கிக்குவேன்" என்று தைரியம் சொன்னேன். விறுவிறுவென்று ஏறிப் போய் மேலே உட்கார்ந்துகொண்டு, "இங்க காத்து நல்லா இருக்குதுங்க, நீங்க போயி சோறாக்கி வைங்க" என்கிறாள். ஆபீசிலிருந்து மைதிலி மேடம் வந்து, "ஏனுங்க வெள்ளையண்ணா, சண்டைன்னா ஊட்டுக்குள்ள வெச்சுக்கோங்க. இப்படித் தொட்டி மேலயா ஏத்தி உடுவீங்க?" என்று கேட்கிறது. கப்பலுக்குப் போகிறோம் என்றேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

டிக்கெட் போட்டாயிற்று. அவனுக்குப் பிடித்த வெல்லக் கச்சாயத்தைச் சுட்டு வந்து சுவருக்கு முன்னால் வைக்கலாமா, பட்டாளத்துக்காரர்கள் விரட்டுவார்களா என்று உங்கம்மா கேட்கிறாள். விரட்டினால் அவர்களுக்கும் ரெண்டு கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இனிக் கொஞ்சம் கிண்டலை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கேட்கிறேன்.

உன் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. அதற்குள் கீழே வேண்டாம் என்பதை மூன்று தடவை எழுதியிருக்கிறாய். நான் அஞ்சாப்புத்தான். ஆனாலும் மூன்று வரைக்கும் எண்ணத் தெரியும்.

கீழே என்ன கண்ணு இருக்கிறது? எதுவாக இருந்தாலும் இப்போதே எழுதிவிடு. அங்கே ஏணியில் நிற்கும்போது சொல்லாதே. எனக்குக் கை நழுவினால் உங்கம்மாவைப் பிடிக்க ஆள் இல்லை.

உன் திருப்பூர் அப்பன்,
வெள்ளையன்


6.10.2024

அப்பா,

பெட்டியோடு வந்து நான் சொன்னது பொய்.

எண்ணெய்க் குழாய் வெடித்துத் தீப்பிடித்தபோது கீழே நாலு பேர் இருந்தார்கள். நான் மேலே ஹேட்ச் பக்கம் நின்றேன். ஹேட்ச் என்பது கீழே இறங்கும் வழிக்குத் தரையில் இருக்கும் இரும்பு மூடி. தீ கைமீறிப் போனால் அதை மூடிவிட்டு உள்ளே வாயுவைத் திறந்து விடுவார்கள். அந்த வாயுவில் தீயும் அணையும், மூச்சும் நிற்கும். மூன்று பேர் என் வழியாக ஏறி வந்தார்கள். பிரதீப் அந்தப் பக்கத்து ஏணியில் ஏறிவிட்டான் என்று யாரோ கத்தினார்கள். மூடு என்று உத்தரவு வந்தது. மூடினேன். கைப்பிடியைத் திருப்பினேன்.

அதற்குப் பிறகு தட்டினான்.

குரல் கேட்கவில்லை. தட்டியது கேட்டது. மூன்று மூன்றாகத் தட்டினான். அவன்தான் என்று எனக்குத் தெரியும். திறந்தால் தீ மேலே வந்திருக்கும். பக்கத்து அறையில் வெடிமருந்து இருந்தது. கப்பலில் நூற்றுப் பத்துப் பேர். திறக்காதே என்று சொன்னார்கள். ஆனால் யாரும் என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை அப்பா. கைப்பிடியில் இருந்தது என் கை மட்டும்தான்.

எவ்வளவு நேரம் தட்டினான் என்று விசாரணையில் கேட்டார்கள். ஒரு நிமிடம் என்று எழுதிக் கொடுத்தேன். நாலு நிமிடம் இருக்கும். முதலில் வேகமாகத் தட்டினான். பிறகு விட்டு விட்டுத் தட்டினான்.

நான் செய்தது சரி என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு என்னால் படையில் இருக்க முடியவில்லை. பெட்டியோடு வந்த அன்றைக்கு அம்மா என்னை உட்கார வைத்துச் சோறு போட்டார்கள். பொய்யைச் சொல்லிவிட்டு அதையும் சாப்பிட்டேன்.

வருவதும் வராததும் உங்கள் விருப்பம். வந்தால் கீழே நானே கூட்டிப் போகிறேன்.

முனீஸ்


10.11.2024

அப்பா, அம்மா,

நான் அனுப்பியது கிடைத்ததா என்று தெரியவில்லை. நாலாம் தேதிக்குப் பெயர் கொடுக்க இருபதாம் தேதிதான் கடைசி. இரண்டு பெயரையும் கொடுத்துவிட்டேன். நீங்கள் வராவிட்டாலும் நாற்காலி இருக்கும்.

முனீஸ்


ரயில்வே ஸ்டேஷன்
26.11.2024, செவ்வாய்

முனீசுக்கு,

கிழமையைப் பார்த்திருப்பாய். இன்றைக்கு உனக்கு லீவு. அதைப் பார்த்துத்தான் வந்தோம்.

உன் கடிதம் வந்தபோது நான் ஷிப்டில் இருந்தேன். ராமாத்தாள் பிரித்துப் படித்துவிட்டு அரிசி டப்பாவுக்குள் வைத்துவிட்டாள். நாலு நாள் எனக்குக் காட்டவில்லை. அந்த நாலு நாளும் நான் வழக்கம் போல ஏணிக் கதையையும் கச்சாயக் கதையையும் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவளும் சேர்ந்து சிரித்தாள். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

படித்துவிட்டு நானும் அதை அரிசி டப்பாவுக்குள்ளேயே வைத்துவிட்டேன்.

கம்பெனியில் பாய்லருக்குப் புதிதாக ஆள் வந்தால் பாடம் நடத்துவது நான்தான். "நீராவி லைன் வெடிச்சா மொதல்ல வால்வ மூடு, அப்பறந்தான் ஆளத் தேடு." இருபத்தாறு வருசமாக இதைச் சொல்லி வந்திருக்கிறேன். போன வாரம் பீகார்க்காரர் ஒருத்தர் சேர்ந்தார். அவரை வால்வுக்கு முன்னால் நிறுத்தினேன். அந்த வரியை மட்டும் சுப்பண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னேன். "என்னண்ணா, தொண்டை கட்டிக்கிச்சா?" என்றான். ஆமாம் என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தபோது ராமாத்தாள் பையை எடுத்து வைத்திருந்தாள். "நாலாந் தேதி வேண்டாங்க. கூட்டத்துல என்னால ஒக்கார முடியாது. அந்தப் பையன் இல்லாத அன்னைக்குப் போலாம்" என்றாள். டிக்கெட்டை ரத்து செய்துவிட்டு வந்தோம்.

கடலைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

சுவரைப் பார்த்தோம். நீ சொன்ன ஏழாவது வரி. துணியில் ஓட்டை பார்ப்பாளே, அப்படி ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்துத் தடவினாள். குறை ஒன்றும் சொல்லவில்லை. கச்சாயத்தை வைத்தோம். யாரும் விரட்டவில்லை.

அப்புறம் கப்பலுக்குப் போனோம். மாதவன் நல்ல மனுசன். ஹேட்சைத் திறந்தபடி கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். அதை ஒரு தடவை மூடிக் காட்டச் சொன்னேன். "அய்யோ சேட்டா, மூடக் கூடாது" என்றார். "நான் பாய்லர்காரனுங்க. மூடி சரியா ஒக்காருதான்னு பாத்துச் சொல்றேன். உங்க கப்பலுக்கு ஓசில செக்கிங் பண்ணுனாப்பல இருக்கட்டுமுங்க" என்றேன். சிரித்துக்கொண்டே அவிழ்த்து விட்டார். சிரிக்க வைத்துக் காரியம் சாதிக்க எனக்கு இன்னமும் முடிகிறது.

நான் ஏணியில் இறங்கி நின்றுகொண்டேன். ராமாத்தாள் மேலே நின்றாள். மாதவன் மூடினார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. பெயிண்ட் வாசம் அடித்தது. மூன்று தடவை தட்டினேன். நிறுத்தி, இன்னொரு மூன்று.

திறந்தது. மாதவன் திறக்கவில்லை. ராமாத்தாள்தான் அவரைத் தள்ளிவிட்டு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"கேட்டுதா?" என்றேன்.

"கேக்குதுங்க. பக்கத்துல நின்னு கூப்புடறாப்பல கேக்குது" என்றாள். மூடியைக் கீழே விடாமலே, "நான் பத்து எண்ணறதுக்குள்ள தொறந்துட்டேன். அந்தப் பையன் எப்படித்தான் நின்னானோ" என்றாள். உன்னைத் திட்டினாளா, உனக்காகப் பாவப்பட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

முனீஸ், நீ மூடியது சரி. வெளியே நான் நின்றிருந்தாலும் மூடத்தான் வேண்டும். அதைச் சொல்லிக் கொடுத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஆனால் உன்னை நேரில் பார்க்க என்னால் ஆகாது. பார்த்தால் கட்டிப் பிடிப்பேனா, கழுத்தைப் பிடிப்பேனா என்று எனக்கே நிச்சயம் இல்லை. அதனால்தான் லீவு நாளாகப் பார்த்து வந்தேன். நீ அந்தப் பொய்யை இன்னும் கொஞ்ச நாள் வைத்திருந்திருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது. எழுது என்று கேட்டவன் நான்தான் என்று மற்ற நாள் தோன்றுகிறது.

நாலாம் தேதி வர மாட்டோம். அந்த நாற்காலிகளை வேறு யாருக்காவது கொடு. எனக்கு இனி அப்பா என்று எழுதாதே. எழுதினால் வாங்கி வைப்பேன், பிரிப்பேனா என்று சொல்ல முடியாது. நீ வேளைக்குச் சாப்பிடு.

இதை ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. மத்தியானம் ஒரு வண்டி வந்து நின்றது. பெட்டி நிறைய வடக்கத்திப் பையன்கள், எல்லார் கையிலும் திருப்பூர் பனியன் கம்பெனிப் பை. "வாங்கண்ணா, உக்காருங்க அக்கா" என்று தமிழில் கூப்பிட்டு இடம் கொடுத்தார்கள். நம்ம ஊர் வண்டிதான் என்று ஏறிக்கொண்டோம். அவர்கள் வேலைக்குத் திரும்பவில்லை, லீவில் வடக்கே வீட்டுக்குப் போகிறார்கள். நாங்கள் இப்போது ஒரிசாவில், பிரம்மபூர் என்ற ஊரில் இருக்கிறோம். திரும்பிப் போகிற வண்டி நாளைக் காலை ஏழே முக்காலுக்காம்.

வெள்ளையன்