அச்சுவேலிக்குப் போகச் சொன்ன குரல்

விரல்களில் இன்னும் வெந்த பற்றறியின் புளித்த நெடி. மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்து மென்பொருள் நிறுவனத்தில் நம் மேசைகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஆட்குறைப்பு வந்தபோது நீ ஒரு கைபேசி நிறுவனத்தின் வலையமைப்புப் பிரிவுக்குப் போனாய். என்னையும் கூப்பிட்டாய். நாங்கள் படித்தது கணினி, கோபுரமும் வயரும் நமக்கு எதற்கு என்று மறுத்தேன். கோபுரத்துக்குப் பின்னால் இருப்பதும் இப்போது சேர்வர்தான், அதே லினக்ஸ்தான் என்று விளங்கப்படுத்தினாய். பிறகு சொன்னாய்: "ஒரேயொரு வித்தியாசம். இஞ்சை வெளியிலை மழை பெய்யுதோ எண்டு தெரிஞ்சிருக்க வேணும்."

கோபுரமொன்றில் மின்சாரம் நின்றால் கடமையில் இருப்பவரைத் தானாகவே அழைக்கும் நிரலை எழுதியது நீ. அதற்கு உன் குரலையே உடுவிலில் என் அறையில் வைத்துப் பதிந்தோம், ஒவ்வொரு ஊருக்கும் ஒன்றாக. கோப்பாய்க்கான பதிவின் முடிவில் மட்டும் சிரித்துவிட்டாய்.

மாரிமழை தொடங்கியதும் உனக்குக் காய்ச்சல். ஐந்தாம் நாள் நீ இல்லை.

அதற்குள் என் வேலையும் போயிருந்தது. உன் இடத்துக்கு ஆள் கேட்டார்கள், விண்ணப்பித்தேன். முதற் கிழமையே கைபேசி ஒலித்தது. கோப்பாயில் கரண்ட் இல்லையாம். முடிவில் அந்தச் சிரிப்பு. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு என் குரலைப் பதிந்து போட்டுவிட்டு உன்னுடையதை அழித்தேன். பிரதிகூட வைக்கவில்லை.

அடுத்த கிழமை உன் அம்மா வந்தார். "பிள்ளை, அவளின்ரை குரல் உங்கடை கொம்பியூட்டரிலை கிடக்காம். ஒருக்காப் போட்டுக் காட்டுறியளோ?"

அழித்துவிட்டதைச் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். கொழும்பில் ஒரு மென்பொருள் வேலை கிடைத்திருந்தது. அதற்குப் போய்விடுவதென்று அன்றே முடிவெடுத்தேன்.

இன்று மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் அழைப்பு வந்தது.

"அச்சுவேலியிலை கரண்ட் இல்லை. ஆராவது போங்கோ."

நீதான். கோபுரங்களின் நிலையைக் காட்டும் திரையைப் பார்த்தேன். அச்சுவேலி பழுதேதுமின்றிப் பச்சையாகவே இருந்தது. ஆனாலும் வாகனத்தை எடுக்கச் சொன்னேன். கோபுரத்தடி அறையைத் திறந்தபோது கரண்ட் நின்றால் கைகொடுக்கும் பற்றறிகள் ஊதிப் புகைந்துகொண்டிருந்தன. கூட வந்த மின்வேலை அண்ணை இணைப்பைத் துண்டித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பக்கத்து வீட்டுக் கூரையும் தீப்பிடித்திருக்கும் என்றார். யார் சொன்னது என்று கேட்டார். நிரல் என்றேன்.

திரும்பி வந்து பார்த்தேன். நிரல் இன்று எவரையும் அழைக்கவில்லை. என் கைபேசியிலும் அந்த நேரத்தில் ஓர் அழைப்பும் இல்லை.

நேரே உன் அம்மாவிடம் போனேன். நம்பமாட்டார் என்றுதான் நினைத்தேன். நீ என்ன சொன்னாய் என்று மட்டும் கேட்டார். சொல் மாறாமல் சொன்னேன். வாசற் படலையைப் பார்த்தார்.

"அப்ப அவள் இன்னும் வேலையாலை வரேல்லை," என்றார்.

கொழும்புக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டேன். இனி நீ எந்த ஊரைச் சொன்னாலும், திரையைப் பார்க்காமலே புறப்படுவேன்.