தூக்க வராத கை

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே சாரல் காற்று. கொடியில் துணி போட முடியவில்லை. இடது கை தோளுக்கு மேல் வர மாட்டேன் என்கிறது. மூணு மாசம். கம்பெனியில் நாங்கள் மடிக்கிற பேண்டேஜ் துணியிலேயே கையைக் கழுத்தோடு கட்டி வைத்திருக்கிறேன். அசைக்காமல் இருந்தால் சரியாகும் என்று.

பக்கத்து வீட்டு பார்வதியக்கா: "ஏட்டி, ஒன் வீட்டுக்காரவியளுக்கும் இதே கைதான?"

வாளியை வலது கையில் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். என் வீட்டுக்காரருக்கும் இதே கைதான்.

ஜூன் 5, வியாழன்

ஸ்ரீவில்லிபுத்தூர். பிசியோதெரபி டாக்டரம்மா, சின்னப் பெண். கட்டைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அக்கா, மூட்டைச் சுத்திப் பை மாதிரி ஒண்ணு இருக்கு. அது இறுகிப் போச்சு. கட்டி வச்சா இன்னும் இறுகும். சுகர் இருக்கா?"

இருக்கு. அவருக்கும் இருந்தது.

"சோம்பேறித்தனத்துல வருமா?"

சிரித்தாள். "யாருக்கா அப்படிச் சொன்னா?"

நான்தான். சட்டை மாட்ட வரவில்லை என்று அவர் மில்லுக்கு லீவு போட்ட ஒவ்வொரு நாளும். அவர் போய்ச் சேர்ந்து ஒன்றரை வருஷம்.

சுடுதண்ணீர் ஒத்தடம். குனிந்து கையைத் தொங்கவிட்டு ஆட்டணும். சுவரில் விரலை நடத்தி ஏத்தணும், எட்டின இடத்தில் பென்சில் கோடு. சுகர் டெஸ்ட். பால்கோவா வாங்கவில்லை.

ஜூன் 6, வெள்ளி

ஜாக்கெட் போடும்போது பின்னால் நின்று யாரோ கையைத் தாங்கிப் பிடித்த மாதிரி. திரும்பிப் பார்த்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊற்றிவிட்டது. பயமில்லை. வெட்கம்தான். அவர் சட்டை மாட்டத் திணறினபோது நான் ஒரு நாளும் அப்படிப் பிடித்ததில்லை.

ஜூன் 8, ஞாயிறு

விரல் நடத்தச் சுவரில் வேறு இடமில்லை. தினசரி காலண்டரைக் கழற்றினேன். பின்னால் பென்சில் கோடுகள், கீழிருந்து மேலாக ஏழு. பக்கத்தில் தேதி, அவர் கையெழுத்து. எண்ணெய் விரல் தடம்.

அப்போது எக்சசைஸ் என்று சொன்னார். "எண்ணெய்க் கையால சுவத்தத் தடவுனா சரியாயிருமாக்கும்" என்று கத்தினேன். கறையை மறைக்க நானே ஆணி அடித்துக் காலண்டர் மாட்டினேன். "சரி, மாட்டு" என்றார். அதற்குப் பிறகு கோடு இல்லை.

காலண்டரைத் திரும்ப மாட்டவில்லை.

ஜூன் 26, வியாழன்

சுகர் பரவாயில்லை. வலி பாதிதான். டாக்டரம்மா போனில், "சூப்பர்க்கா, இன்னிக்கு ரெண்டு விரக்கடை மேல ஏத்துங்க."

ஏத்தினேன். அவருடைய ஏழாவது கோட்டுக்கு வந்தது. அதற்கு மேலும் போகும், கைக்குத் தெரிகிறது. கம்பெனி வேன் வாசலில் ஹாரன் அடிக்கிற வரைக்கும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றேன். கை போகத்தான் பார்த்தது. நான்தான் விடவில்லை.