வடக்குப் பக்கம்

அக்டோபர் 13, 2003

புது வேலை வந்திருக்கிறது. இங்கிலாந்தில் தார்ன்பெக் என்றொரு சின்னக் கிராமம். அதன் வரலாற்றைப் பழைய பாதிரியார் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். ஸ்கேன் பக்கங்களைப் பார்த்து அப்படியே டைப் அடிக்க வேண்டும். டைப்பிங் சென்டர் நடத்தும் ரிஃபாத் அக்கா எனக்கும் ஜெஸ்ஸிக்கும் பாதிப் பாதி பிரித்துக் கொடுத்தார். ஒரு குளம், ஒரு மில், கொஞ்சம் வீடுகள், ஒரு சர்ச். இதற்கொரு வரலாறாம். திண்டுக்கல்லில் உட்கார்ந்து நான் அடிக்க வேண்டுமாம்.

அக்டோபர் 16

அந்த ஊரில் வசதியானவர்களுக்குச் சர்ச்சின் தெற்கே கல்லறை. கூலிகளும் அநாதைகளும் வடக்கே, வெயில் படாத பக்கம். மணிகூட அடிப்பதில்லை.

ஜெஸ்ஸி எட்டிப் பார்த்தாள். "அங்கயும் உங்க ஆளுகதான் இருந்திருக்காக போல" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நானும் அவளும் ஒரே ஊர், ஒரே மாதா கோயில். நான் ஊருக்குள், அவள் காலனி. எங்கள் தெருவில் செத்தால் கோயிலின் சவ வண்டி வரும், தூரத்துப் பாலம் சுற்றிக் கல்லறைக்குப் போகும். காலனியில் செத்தால் தோளில் தூக்கி ஓடையைக் கடக்க வேண்டும். அப்பா கோயில் நாட்டாமை. வண்டிக் கொட்டகைச் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அநியாயம் — என்று இங்கே எழுதுவது சுலபம்.

அக்டோபர் 30

விடாத மழை.

நவம்பர் 4

ஜெஸ்ஸியின் அப்பா இன்னாசி காலையில் இறந்துவிட்டார். ஓடையில் இடுப்பளவு தண்ணீர்.

"எங்கப்பாவ தண்ணிக்குள்ள தூக்கிட்டுப் போகவா ஸ்டான்லி? வண்டி மட்டும் வேணும்" என்றாள்.

"சாவிய எடுத்துட்டேன். நானே தொறந்து விடுறேன்." பேன்ட் பையைத் தட்டிக் காட்டினேன்.

நவம்பர் 5

நேற்று நடந்தது.

காலனி ஆட்கள் கோயில் வாசலுக்கு வந்தார்கள். எங்கள் தெருவே திரண்டு நின்றது. அப்பா நிதானமாகச் சொன்னார்: "தர மாட்டோம்னு யாருப்பா சொன்னா? சாவியக் காணோம்."

ஆணியைக்கூட அவர் பார்த்திருக்கவில்லை. பொய்தான் சொன்னார். சாவி என் பையில். எடுத்தால் ஊர் முன்னால் அப்பா பொய்யர். நான் எடுக்கவில்லை. கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காலனிப் பெரியவர் ஒருவர், "கெடைச்சா சொல்லி விடுங்க நாட்டாமை, அடுத்த சாவுக்கு ஆகும்" என்றார். எங்காளுக சிரிச்சானுங்க. ஏன்டா நின்ன? வாயத் தொறந்தா செத்தா போயிருவ?

ஜெஸ்ஸி என் முகத்தைப் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தாள்.

பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடைக்குள் இறங்கினார்கள்.

நவம்பர் 6

சாவியை ஆணியில் மாட்டும்போது அப்பா பார்த்துவிட்டார்.

"எங்கடா இருந்துச்சு?"

"எம் பையில. அப்பவும் எம் பையிலதான்."

"நல்ல புள்ள" என்று தோளைத் தட்டினார்.

அடித்திருந்தால் பரவாயில்லை.

நவம்பர் 17

ஜெஸ்ஸி வேலைக்கு வந்தாள். நேராக அக்காவிடம் போய், "எனக்கு வேற ஊரு குடுங்கக்கா" என்றாள். கொடுத்துவிட்டார். அவள் விட்ட பக்கத்திலிருந்து நான் அடிக்கிறேன்.

நவம்பர் 28

தார்ன்பெக் முடிந்தது. வடக்குப் பக்கத்தில் புதைத்தவர்களின் பெயர்கள்தான் கடைசி. ஒரு எழுத்து விடாமல் அடித்தேன். "ஒரு பிழை இல்ல தம்பி, இம்புட்டு சுத்தமா யாரு அடிப்பா" என்றார் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி.

ஜெஸ்ஸியின் விரல்கள் ஒரு நொடி நின்றன. பிறகு அடிக்க ஆரம்பித்தாள்.